மூட்டை உட்கார்ந்த இடம்

மனிதர்களைத் தூக்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் தூக்கும்போது "ரங்கா" என்று சொல்லும். இன்னொரு ரகம் "அப்பாடா" என்று சொல்லும். ரங்கா என்றவர்கள் என்னை இறக்கி வைத்த பிறகு புண்ணியம் சேர்ந்த முகத்தோடு போவார்கள். அப்பாடா என்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இரண்டு பேருக்கும் நான் நன்றி சொல்லியாக வேண்டும். ஆறு வயதில் வந்த ஒரு ஜுரம் என் கால்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனது. அன்று முதல் முப்பத்திரண்டு வயது வரை நான் சொன்ன நன்றிகளைக் கல்லாக அடுக்கியிருந்தால் எங்கள் ஊர் மொட்டைக் கோபுரத்தைக் கட்டி முடித்திருக்கலாம்.

என் பெயர் சத்யபாமா. வீட்டில் பாமா. ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில் அண்ணா யதிராஜன், மன்னி வேதவதி, நான், மூன்று பேர். அண்ணாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஆபீஸ் வேலை. என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்கூலில் உட்கார வைத்தவர் அவர்தான். காலேஜில் உட்கார வைத்ததும், டீச்சர் வேலைக்கான பி.டி. படிக்க உட்கார வைத்ததும் அவர்தான். அவர் ரங்காவும் சொல்ல மாட்டார், அப்பாடாவும் சொல்ல மாட்டார். பேசாமல் தூக்குவார். மற்றவர்கள் தூக்கினால் எனக்குக் கோபம் வரும். அண்ணா தூக்கினால் அழுகை வரும்.

அறுபத்திரண்டாம் வருஷம் கோடை லீவில், மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். குதிரை வண்டியில் போனோம். அண்ணாவும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை உள்ளே கொண்டுபோனார்கள். ஏதோ ஸ்பெஷல் வகுப்புக்கு வந்திருந்த பெண்கள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார்கள். புடவை ஒரு பக்கம் ஏறிக்கொண்டது. அதைச் சரி செய்யக்கூட என் கை எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டும் இரண்டு கழுத்துகளில் இருந்தன.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"உங்க படிப்பு, மார்க்கு எல்லாம் ரொம்பத் திருப்திங்க. ஆனா இது பொம்பளைப் பிள்ளைங்க படிக்கிற எடம். தினமும் ரெண்டு ஆம்பளைங்க உள்ளே வந்து தூக்கிட்டுப் போறதை நிர்வாகம் ஒத்துக்காது. கார் போர்ட்டிகோ வரைக்கும் வரலாம். அதுல இருந்து நீங்களா எறங்கி வந்துட்டீங்கன்னா ஜூன்ல சேர்ந்துக்கலாம்."

"வந்துடறேன்" என்றேன்.

திரும்பும் வழியில் அண்ணா மெதுவாகக் கேட்டார். "எப்படி வருவே, பாமா?"

"கார்ல."

"யார் கார்ல?"

"நம்ம கார்ல."

எங்களிடம் அப்போது ஒரு சைக்கிள் இருந்தது. ஆனால் அம்மா என் கல்யாணத்துக்கென்று வைத்துவிட்டுப் போன நகைகளும் இருந்தன. எந்தக் கல்யாணம், யாரோடு என்று யாரும் கேட்டதில்லை. பூட்டிய பெட்டியில் அவை பாட்டுக்கு இருந்தன. பெட்டியை நானே திறந்தேன். பொன்மலையில் ஃபோர்மனாக இருந்த ரோசரி என்பவர் சீமைக்குக் குடிபோகிற அவசரத்தில் தன்னுடைய மோரிஸ் மைனர் காரை விற்றுக்கொண்டிருந்தார். நகை காராயிற்று. ரோசரியே அண்ணாவுக்கு ஓட்டவும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். மன்னி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததும் அவள்தான்.

காருக்குக் கதவு இரண்டே இரண்டுதான். ஆனால் ஒவ்வொன்றும் நல்ல அகலம். என் சக்கர நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி, நாற்காலிக்கும் முன் சீட்டுக்கும் நடுவே ஒரு தேக்குப் பலகையைப் போட்டு, கைகளை ஊன்றி நகர்ந்து போய் உட்கார்ந்துவிடலாம் என்பது என் கணக்கு. கணக்கு சரி. உயரம்தான் தப்பு. சீட் நாற்காலியைவிட நாலு அங்குலம் உசத்தி. பலகை மலைப்பாதை போல நின்றது. பாதி வழி ஏறுவேன், கை தளரும், சறுக்கிக்கொண்டு நாற்காலிக்கே திரும்பி வந்துவிடுவேன்.

நாற்காலியை உயர்த்திப் பார்த்தோம். சமையலறை வாசற்படியில் அது என்னோடு சேர்ந்து குப்புற விழுந்தது. சீட்டின் அடிச்சட்டத்தைத் தச்சர் இழைத்துக் குறைத்தார். அதில் ஓர் அங்குலம் போயிற்று. இன்னும் மூன்று அங்குலத்துக்குக் காரைத்தான் இறக்க வேண்டும்.

பாலக்கரையில் வீரமலை என்று ஒரு மெக்கானிக். முசிறிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஏரை விட்டுவிட்டு ஸ்பானரைப் பிடித்தவர். வாய் ஓயாது. வீட்டு வாசலில் காரைச் சுற்றி வந்து, குனிந்து, படுத்து, எழுந்து, துண்டை உதறிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நம்ம கைக்கு அடங்காத வண்டி இன்னும் கப்பல்ல வந்து எறங்கலைங்க. எறக்குறதுக்கு மூணு வழி இருக்கு. பின் சக்கரத்துக்கு மேல தாளு தாளா இரும்புப் பட்டை இருக்கு பாருங்க, அதுல ஒண்ணு ரெண்டை உருவிடலாம். வண்டி எறங்கும். ஆனா தொட்டில் மாதிரி ஆடும், பாரம் ஏத்தினா அடி தட்டும். இல்லை, பட்டையை நெருப்புல காட்டித் தட்டித் தட்டையாக்கலாம். அப்பவும் எறங்கும். ஆனா கட்டை வண்டியில போற மாதிரி இருக்கும். மூணாவது, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல இரும்புக் கட்டை ஒண்ணைச் சொருகலாம். பட்டை அதும்பாட்டுக்கு இருக்கும். ஆனா சக்கரம் மேல ஏறி எறங்குற எடம் கொறைஞ்சு போயிரும்."

"முன்னாடி?" என்று கேட்டேன்.

"முன்னாடி பட்டை கெடையாதுங்க. நீளமா ஒரு முறுக்குக் கம்பி. அதைக் கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டினா எறங்கிடும். அது சும்மா வெத்தலை போடுற நேரம்."

"எனக்கு ரெண்டு வேணும்" என்றேன். "ஏறறச்சே சீட்டு என் நாற்காலிக்குச் சமமா இருக்கணும். போறச்சே என் முதுகு நோகக் கூடாது. ஒண்ணு கிடைச்சு இன்னொண்ணு கிடைக்கலைன்னா ரெண்டுமே கிடைக்கலைன்னு அர்த்தம்."

மற்றவர்களுக்கு இது புரிவது கஷ்டம். வண்டி குலுங்கினால் அவர்கள் காலை ஊன்றிப் பாதிக் குலுக்கலைக் காலிலேயே வாங்கிக்கொள்வார்கள். எனக்கு அது நேரே முதுகெலும்புக்குப் போகும். ஒரு தடவை குதிரை வண்டியில் திருவானைக்காவலுக்குப் போய்விட்டு வந்து மாதக்கணக்கில் படுத்திருக்கிறேன். வேலைக்குத் தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். படுத்துக்கொண்டு கணக்குப் போடலாம், சொல்லிக்கொடுக்க முடியாது.

"உங்களுக்கென்னங்க, மெத்தையில தூக்கி வச்ச மாதிரி செஞ்சு தரேன்" என்றார் வீரமலை. தூக்கி என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கார் போயிற்று. அண்ணா தினமும் சாயங்காலம் பொன்மலையிலிருந்து நேரே பாலக்கரைக்குப் போய்விட்டு வருவார். ஒரு நாள் மன்னி உக்கிராணத்தில் அரிசி மூட்டை ஒன்று குறைகிறதென்று கத்தினாள். அண்ணா தலையைச் சொறிந்தார்.

"வீரமலை கேட்டார்னு குடுத்தேன். ஏதோ பரீட்சை பண்ணணுமாம்."

பரீட்சை என்னவென்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. கார் வீதியில் திரும்பி வந்து வாசலில் நின்றது. வீரமலை ஓட்டினார், பின் சீட்டில் அண்ணா. முன்னால், என் சீட்டில், கிச்சிலிச் சம்பா மூட்டை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அது சரிந்துவிடாமல் இருக்க யாரோ ஒரு துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"நீதான்" என்றார் அண்ணா. ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார்.

அவர்கள் இறங்குவதற்குள் மன்னி பலகையைப் போட்டாள். மட்டம் வைத்தது போல நின்றது. எதிர் வீட்டுக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். "பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி!" என்று வீரமலை ஸ்டியரிங்கை விட்டுக் குதித்தார். அண்ணா இறங்கினார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து மூட்டையைத் தூக்கினார்கள். அண்ணா பேசாமல் தூக்கினார். வீரமலை "அப்பாடா" என்றார்.

மூட்டை வெளியே வந்ததும் கார் நிமிர்ந்தது. அத்தனை நேரம் மூன்று பாரத்தை ஏந்தி அழுந்திக் கிடந்த வண்டி, பாரம் போனதும் எழுந்து நின்றுவிட்டது. பலகை மறுபடியும் மலைப்பாதையாயிற்று.

நான் பலகையை விரலால் தட்டிக் கேட்டேன்.

"நான் ஏறப்போறது மூட்டை உட்கார்ந்திருக்கற கார்லயா, காலிக் கார்லயா?"

வீரமலை காரைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "ஆமால்ல?" என்றார்.

அவர் சளைக்கிற ஆள் இல்லை. காரைத் திரும்பக் கொண்டுபோனார், மூட்டையையும்தான். இந்தத் தடவை காலிக் காரே இறங்கி நிற்க வேண்டும் என்று ரோசரியின் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொரு பழைய பட்டையை நெருப்பில் காட்டித் தட்டி மாட்டினார். முன் கம்பியை இன்னும் ஒரு பல் தள்ளினார். மூட்டையையும் அண்ணாவையும் ஏற்றி ஓட்டினால் அடி தட்டியதாம். தட்டாமல் இருக்க ஷாக் அப்சார்பரில் கெட்டி எண்ணெயை ஊற்றி இறுக்கினார்.

கார் வந்தது. மூட்டையை இறக்கிவிட்டுக் காலியாக நிறுத்தினார்கள். பலகை சமமாக இருந்தது.

நான் கைகளை ஊன்றினேன். ஒரு நகர்வு, இன்னொரு நகர்வு. பலகை வழுக்கிக்கொடுத்தது. கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்தேன். சீட்டில் இருந்தேன். என்னை யாரும் தொடவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வண்டிக்குள் நானாக ஏறி உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. மன்னி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணா காரைக் கிளப்பினார். சிரிப்பு காவிரிக் கரை அம்மா மண்டபம் வரைதான். பாலத்தில் ஏறியதும் ஒவ்வொரு இணைப்பிலும் கார் ஓர் அறை விட்டது. அறை நேரே என் முதுகில் விழுந்தது. நான் சீட்டிலிருந்து முன்னால் சறுக்கினேன். பிடித்துக்கொள்ளக் கை இருந்தது, ஊன்றிக்கொள்ளக் கால் இல்லை. பாதிப் பாலத்தில் "அண்ணா, திருப்பு" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அப்புறம் சில நாள் குப்புறப் படுத்துக் கிடந்தேன். மன்னி விளக்கெண்ணெய் காய்ச்சித் தடவினாள். அண்ணா கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"போறும் பாமா. ஆத்துலயே டியூஷன் சொல்லிக்குடு. வேலை இல்லைன்னா என்ன இப்போ?"

"உன் இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவருக்கு முகம் மாறிற்று. போன மார்கழியில் என்னை இறக்கும்போது அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் ஏறும்போது அவர் ஒரு கையால் சுவரைப் பிடிப்பதை நான் ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் வெறுமனே ஒரு சம்பளம் போகாது. அண்ணா இடுப்பு ஒடிகிற வரை என்னைத் தூக்குவார். அதற்குப் பிறகு வேறு யாரோ தூக்குவார்கள். சாகிற வரை நான் நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

"வீரமலையைக் கூப்பிடு" என்றேன்.

வந்தார். இந்தத் தடவை வாய் கொஞ்சம் அடங்கியிருந்தது.

"ஷாக்கை ஏன் அவ்வளவு இறுக்கினேள்?"

"இறுக்கலைன்னா மூட்டைக்கு அடி தட்டுதுங்க. அதோட அண்ணாவும் பின்னாடி இருந்தாரு, குலுக்கல் எப்படின்னு பாக்குறதுக்கு."

"நான் வேலைக்குப் போறச்சே பின்னாடி யார் இருக்கப் போறா? அண்ணா ஓட்டுவார், நான் பக்கத்துல இருப்பேன். அவ்வளவுதானே? சரி, என் எடை என்ன?"

வீரமலை கூரையைப் பார்த்தார். அண்ணா தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ, என் எடை என்னன்னு நினைச்சேள்?"

"அதெப்படிங்க, வீட்டுப் பொம்பளைங்ககிட்ட..." வீரமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேக்கக் கூச்சமா இருந்துச்சுங்க. அண்ணாகிட்ட கேட்டேன். அவரும் தெரியலைன்னாரு. ஐயங்கார் வீடு, நெய்யும் பருப்புமா சாப்பிடுவாங்க, ஒரு மூட்டை இருப்பாங்கன்னு..."

மன்னி உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். எனக்கு முதலில் கோபம் தலைக்கேறியது. கால்கள் சூம்பி, தோளும் கையுமாக மிஞ்சியிருக்கிற உடம்பு என்னுடையது. மூட்டையில் பாதி இருந்தால் அதிகம். இத்தனை வருஷம் தூக்கியவருக்குக்கூட அது தெரியவில்லையே என்று நினைத்தேன். அண்ணாவைப் பார்த்ததும் கோபம் வடிந்துவிட்டது. அவர் என்னை எடை பார்த்துத் தூக்கியவர் இல்லை.

"மூட்டையில பாதிதான் நான். பாதிகூட இல்லை" என்றேன். "அந்தப் பட்டை உருவற வழியை ஏன் விட்டேள்?"

"பாரம் தாங்காதுன்னு..." என்று ஆரம்பித்த வீரமலை நிறுத்தினார். கண் விரிந்தது. "அட! பாரமே இல்லைங்களே!"

"நாளைக்கு நான் வரேன் பாலக்கரைக்கு. இனிமே மூட்டை வேண்டாம். நானே உட்கார்றேன்."

மன்னிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சித்திரை வீதிப் பெண் பாலக்கரை ஒர்க்‌ஷாப்பில் போய் நாள் முழுக்க உட்காருவதா? "நாலு பேர் என்ன சொல்லுவா?" என்றாள். "தூக்கிண்டு போறாளேன்னு பாவப்படறதுக்கு, திட்டினா தேவலை" என்றேன். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, மாட்டு வண்டிகள்கூட எங்களைத் தாண்டிப் போகிற வேகத்தில் பாலத்தைக் கடந்தோம். மடியில் என் டியூஷன் சிலேட்டும் ஒரு சாக்பீஸும் வைத்திருந்தேன்.

வீரமலை ஜாக்கியைப் போட்டார். நான் காரைவிட்டு இறங்கவில்லை. என்னை மேலே வைத்துக்கொண்டே கீழே வேலை நடந்தது. தட்டையாக்கின பட்டையைத் தூர எறிந்துவிட்டு, பழைய வளைவோடு இருந்த ரோசரியின் பட்டையையே திரும்ப எடுத்தார். அதில் ஒரு தாளை மட்டும் உருவினார். அப்போது கொஞ்சம் இறங்கியது, மெத்தென்றும் ஆயிற்று. மிச்ச உயரத்துக்கு ஆக்ஸிலுக்கு நடுவே இரும்புக் கட்டையைச் சொருகி நீளமான போல்ட்டால் பிணைத்தார். முன் கம்பியில் ஒரு பல்லைத் திரும்பக் கூட்டினார். கெட்டி எண்ணெயை வடித்துவிட்டு இளகின எண்ணெய் ஊற்றினார்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் ஓட்டம். அண்ணா ஓட்டுவார். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது நான் சிலேட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக ஒரு கோடு இழுப்பேன். காரின் குலுக்கல் என் கைக்கு வரும், கையிலிருந்து கோட்டுக்கு வரும். முதல் கோடு ரம்பப் பல் போல இருந்தது. திரும்பி வந்து சிலேட்டைக் காட்டுவேன்.

"இந்த எடத்துல வெடுக்குன்னு போயிருக்கு பாருங்கோ. இது பின் சக்கரம்."

"முன் சக்கரம்ங்க."

"முன் சக்கரம் ஏறினப்போ இங்கே ஒரு மேடு வந்துடுத்து. இது அப்புறம் வந்தது. பின் சக்கரம்."

சண்டை போட்டோம். சில தடவை அவர் சொன்னது சரியாக இருந்தது, சில தடவை நான் சொன்னது. எண்ணெயை ரொம்ப இளக்கியபோது கார் குதித்துக்கொண்டே இருந்தது, கோடு அலை அலையாகப் போயிற்று. கொஞ்சம் கெட்டியாக்கினோம். வீரமலையின் சம்சாரம் மயிலம்மாள் கார் ஜன்னல் வழியாக மோர் கொடுத்தாள். "இவரு பேச்சை இத்தனை நேரம் கேட்டு, திருப்பியும் பேசுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். இரண்டு செம்பு குடித்தேன். மன்னியிடம் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்தபோது கடைசி ஓட்டம். அதைக் காவிரிப் பாலத்திலேயே வைத்துக்கொண்டோம். வீரமலை சைக்கிளில் பின்னாலேயே வந்தார். பாலத்தின் தொடக்கத்தில் சாக்பீஸை வைத்தேன். இணைப்புகள் வந்தன, போயின. கார் ஒவ்வொன்றிலும் லேசாக அமிழ்ந்து எழுந்தது. முதுகு ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ரீரங்கக் கரை வந்ததும் அண்ணா காரை ஓரமாக நிறுத்தினார். மூன்று பேரும் சிலேட்டைப் பார்த்தோம். கோடு சின்னச் சின்ன நெளிவோடு ஒழுங்காகப் போயிருந்தது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் குத்திட்டு நின்றது.

"இது என்னங்க?" என்று வீரமலை பதறினார்.

"அது மாடு" என்றார் அண்ணா. "குறுக்க வந்தது. நான்தான் பிரேக் போட்டேன்."

வீரமலை சிலேட்டை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்து முனையில் நின்று சிரித்தார். போகிற வருகிறவர்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளை பாஸாகிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். போகும்போது ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார்.

"பின் சீட்டுல யாரையும் ஏத்திராதீங்க. இது உங்க ரெண்டு பேருக்குன்னு வச்ச ஒசரம். இன்னொரு ஆள் ஏறினா பாலத்துல அடி தட்டும். அதோட வண்டி அழுந்திடும், எறங்குற எடத்துல உங்க பலகை மேல் நோக்கிப் போயிரும்."

பள்ளி திறக்கிற நாள் வந்தது. முதுகில் வலி இல்லை. தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் வாசலுக்கு வந்தேன். எங்கள் இருவர் பாரத்தில் கார் அமிழ்கிற அளவுக்கு ஒரு விரற்கடை தாழ்வாகச் செய்த இன்னொரு நாற்காலியை முந்தின நாளே பள்ளியில் கொண்டுபோய் வைத்தாயிற்று. ஆயா அதை போர்ட்டிகோவுக்குத் தள்ளிக்கொண்டு வருவாள். எல்லாம் சரி. காரைப் பார்த்தேன். பலகை உள்பக்கமாகச் சரிந்து கிடந்தது.

பின் சீட்டில் மன்னியின் மாமா சௌரிராஜன் எழுந்தருளியிருந்தார். பன்னிரண்டு திருமண்ணும் பளிச்சென்று இட்டு, மடியில் குடையும் வைத்திருந்தார். தேகம் நிஜமாகவே ஒரு மூட்டைக்கு மேல்.

"பெருமாள் க்ருபை, இன்னிக்கு அடியேனுக்கும் வாஹன யோகம்!" என்றார். "உன்னைப் பள்ளிக்கூடத்துல விட்டப்புறம், பொன்மலை போற வழியில அடியேனை இறக்கிவிட்டா போறும்."

அண்ணா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சம்பந்தி வீட்டுப் பெரியவர். ஏறி உட்கார்ந்தவரை எப்படி இறங்கச் சொல்வது? மன்னி கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கு அந்த வீதி, அந்த மரியாதை, எல்லாம் ஒரு நொடி கண்ணில் நின்றது. போர்ட்டிகோவில் பலகை மேல்நோக்கி நிற்க, நான் பாதி வழியில் சறுக்கிக் காருக்குள்ளேயே திரும்பி விழுவதும் கண்ணில் நின்றது.

"மாமா, க்ஷமிக்கணும். நீங்க இறங்கணும்."

"ஏன்மா? எடம் நிறைய இருக்கே?"

"எடம் இருக்கு மாமா. ஒசரம் இல்லை."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைக்க நேரமும் இல்லை. "இறங்குங்கோ" என்றேன். வகுப்பில் பேசுவதற்கென்று பல வருஷம் சேர்த்து வைத்த குரல் அது. முதல் தடவையாக அதை வெளியே எடுத்தது அன்றுதான். அவர் "கலி, கலி" என்று முணுமுணுத்துக்கொண்டே குடையோடு இறங்கினார். கார் எழுந்து நின்றது. பலகை மட்டமாயிற்று.

அண்ணா என் பக்கம் வந்து குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். பழக்கதோஷம். நீட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"கதவைப் பிடிச்சுக்கோ அண்ணா, போறும்" என்றேன்.

கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் நகர்ந்து ஏறினேன். அவர் கண் கலங்கியிருந்தது. பாலத்தில் ஏறினோம். காவிரியில் புதுத் தண்ணீர் இன்னும் வரவில்லை. மணலில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாடத் தோன்றியது, எனக்குப் பாட வராது.

போர்ட்டிகோவில் கார் நின்றது. தலைமையாசிரியை படியில் நின்றிருந்தார். மணி அடித்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். வாட்ச்மேன் எங்கிருந்தோ ஓடி வந்து, "ரங்கா" என்று சொல்லிக் கையை நீட்டினார்.

"தள்ளிக்கோங்கோ" என்றேன்.

ஆயா நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். நானே பலகையைப் போட்டேன். சமமாக நின்றது. கையை ஊன்றினேன். ஒரு நகர்வு, இன்னொரு நகர்வு. நாற்காலியில் இருந்தேன். கால்களை எடுத்து வைத்தேன். புடவை மடிப்பைச் சரி செய்தேன். அதற்குக் கை இருந்தது. அண்ணா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், காரைவிட்டு இறங்கவே இல்லை.

தலைமையாசிரியை ஒரு படி இறங்கி வந்தார். "அவ்வளவுதாங்களா?"

"அவ்வளவுதான்."

"ஒன்பதாம் வகுப்பு காத்திட்டு இருக்கு. போங்க டீச்சர்."

டீச்சர் என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. சக்கரத்தை நானே தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் போனேன். வகுப்புக்குள் நுழைந்ததும் அத்தனை பெண்களும் எழுந்து நின்றார்கள். எனக்காக யாரும் அதுவரை எழுந்து நின்றதில்லை; என்னைத் தூக்கத்தான் எழுந்திருப்பார்கள். "உட்காருங்கோ" என்றேன். கரும்பலகையின் அடிப் பாதிதான் எனக்கு எட்டியது. அந்தப் பாதியிலேயே முதல் கோட்டை இழுத்தேன். நேராக வந்தது.

மத்தியானம் டிபன் காரியரைத் திறந்தேன். மேல் தட்டில் தத்தியோன்னம் என்கிற தயிர் சாதம், மாவடு. அரிசி அதே கிச்சிலிச் சம்பா. அந்த மூட்டையைப் பிரித்துத்தான் இன்றைக்குத் தளிகை பண்ணியிருப்பதாக மன்னி காலையில் சொல்லியிருந்தாள். என் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, எனக்கு முன்னால் இரண்டு தடவை காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்த மூட்டை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.